உறையாத பாலும் கன்றுகாத்த சாமியும்

வெள்ளிக்கிழமை காலையில் மல்லாபூர் பஸ்ஸில் மனிதனுக்கு இடம் கிடைக்காது. கன்றுக்குட்டிக்குக் கிடைக்கும். கண்டக்டரே எழுந்து இடம் விடுவார். ஏனென்றால் கன்று போவது கன்றுகாத்த சாமியின் தரிசனத்துக்கு. நீங்கள் போவது வெறும் வேலைக்கு.

எண்பத்து நாலாம் வருஷக் கோடையில் அந்தக் கூத்து உச்சத்தில் இருந்தது. சைக்கிள் கேரியரில் கட்டிய கன்று, ரிக்‌ஷாவில் சேலை போர்த்திய கன்று, தோளில் துண்டு மாதிரித் தொங்கும் கன்று. நாச்சாரம் தாண்டினால் ரோடு முழுக்க ‘ம்மா’ என்ற சத்தம்தான். பக்தர்கள் அதையும் மந்திரம் என்றார்கள்.

மல்லாபூரில் மூடிப்போன சோடா கம்பெனியின் தகரக் கொட்டகை ஒன்றில் சாமி குடியிருந்தார். முன்னால் சிமெண்டில் ஒரு கன்றுச் சிலை. அதன் கண்ணுக்குச் சிவப்பு பல்பு. கரண்டு போனால் தெய்வமும் கண்ணை மூடிக்கொள்ளும். சாமி தமிழ், தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ் என்று நாலு பாஷையில் ஆசீர்வாதம் செய்வார். கேள்வி கேட்டால் மட்டும் நாலிலும் மௌன விரதம்.

அவர் கொடுத்தது ஒரே சரக்கு. மஞ்சள் திருநீறு.

“கன்று தரையில் விழுந்த அன்றே தொடங்கு. காலை ஒரு சிட்டிகை, மாலை ஒரு சிட்டிகை, பாலில் கலந்து புகட்டு. நோய் இருந்தாலும் புகட்டு, இல்லாவிட்டாலும் புகட்டு. ஒரு வேளை தவறினால் தோஷம்!”

சந்தேகப்படுகிறவர்களுக்காக ஒரு பானையும் வைத்திருந்தார். முந்தின நாள் காய்ச்சிய பால், அதில் கொஞ்சம் திருநீறு. வெளியே கொளுத்துகிற வெயில்; உள்ளே பால் திரியவில்லை, புளிக்கவில்லை. கரண்டியால் கலக்கிக் காட்டுவார். கூட்டம் ‘ஜெய்’ என்று அலறும். அலறியவர்கள் யார்? பரம்பரை பரம்பரையாகப் பால் கறந்து, தயிர் தோய்த்து, மோர் விற்றுப் பிழைக்கிறவர்கள். இதை மறக்காதீர்கள். பின்னால் தேவைப்படும்.

லாலாகுடாவில் இருந்த சிலாஸ் மட்டும் அங்கே போகவில்லை. அரசாங்கக் கம்பெனி ஒன்றின் வார்ப்புப் பட்டறையில் முப்பது வருஷம் இரும்பைக் காய்ச்சி ஊற்றி ஓய்வு பெற்றவர். பக்தி குறைவு என்று சொல்ல முடியாது, நம்பிக்கை குறைவு. ரேடியோ மணி சொன்னால் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “ரேடியோ பிந்திப் போவுது” என்பார். சர்ச்சில் கண்ணை மூடி ஜெபிக்கச் சொன்னால் ஒரு கண்ணைத்தான் மூடுவார். மற்றது வாசலில் விட்ட செருப்பின் மேல் இருக்கும்.

அவர் பெண்டாட்டி கனகமணி நேர் எதிர். அவர் நம்பாததை எல்லாம் சேர்த்து அவள் நம்பினாள்.

“ஏட்டி, நீ ஞானஸ்நானம் வாங்குனவ. சாமியார் சாம்பலைக் கொண்டாந்து கன்னுக்குக் குடுக்கியே, நல்லாவா இருக்கு?”

“நான் தின்னாத்தானே பாவம்? கன்னுக்குட்டி எந்த சபை? ஞாயித்துக்கிழமை ஜெபம் பண்ணுதேன், வெள்ளிக்கிழமை துன்னூறு வாங்குதேன். ரெண்டுல ஒண்ணு கேக்காமலா போவும்?”

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. பிள்ளை இல்லாத வீடு. இருந்தது ஒரு ஜெர்சிக் கலப்புப் பசு. போன ஈற்றில் போட்ட கன்று வெள்ளைக் கழிச்சலில் செத்தது. அன்று கனகமணி சோறு பொங்கவில்லை. இந்த ஈற்றில் கிடேரி, பெயர் ரோஸி. அவள் மடியில் தலை வைத்துத் தூங்கும். எழுந்தால் சிலாஸின் வேட்டி நுனியைச் சப்பும். “இதுவும் போச்சுன்னா மாட்டை ஓட்டிவிட்டுருவேன். இன்னொரு தடவை குழி தோண்ட என்னால ஆகாது” என்று சிலாஸ் சொல்லியிருந்தார்.

உள்ளதைச் சொல்லவேண்டும். முதலில் அந்தத் திருநீறு வேலை செய்தது. கழிந்து விழுந்த கன்றுகள் எழுந்து துள்ளின. அதனால்தான் இந்தக் கூட்டமே. முழுப் பொய்க்கு ஆயுசு கம்மி. கொஞ்சம் நிஜம் கலந்த பொய்தான் கல்யாணம் பண்ணிப் பிள்ளை பெறும்.

ஆனால் மழைக்காலத்தில் எழுந்த கன்றுகள் கோடையில் விழ ஆரம்பித்தன. சாமி அசரவில்லை.

“பக்தி குறைந்துவிட்டது. இனி ரெண்டு சிட்டிகை.”

அப்புறம் மூன்று சிட்டிகை. அப்புறம் அதோடு ஒரு செம்பு நெய், கன்றுக்கல்ல, சாமிக்கு. எருமை வைத்திருந்த நாகம்மாவின் கன்று மூன்று சிட்டிகைக்கும் மசியாமல் செத்துப்போனது. நாகம்மா தெலுங்குக்காரி, லாலாகுடாத் தமிழர்களோடு சண்டை போட்டுப் போட்டே தமிழ் கற்றவள். அவள் அழுதுகொண்டு போய் நின்றபோது சாமி சொன்னார்: “போன ஜென்மத்தில் ஒரு பசுவைப் பட்டினி போட்டாய் தாயே. பரிகாரம் செய்.”

போன ஜென்மத்துக்குச் சாட்சி யார்? சாமி. வக்கீல் யார்? சாமி. நீதிபதியும் சாமி, அபராதம் வாங்கிப் பையில் போடுகிற குமாஸ்தாவும் சாமி. நாகம்மா மூக்குத்தியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள்.

அந்த வாரமே ரோஸி விழுந்தது.

கண் குழிந்து, காது தொங்கி, வால் முழுக்க வெள்ளைக் கழிச்சல். கனகமணி மூன்று சிட்டிகை கலந்த பாலைக் காட்டினாள். ரோஸி முகத்தைத் திருப்பிக்கொண்டது. சிலாஸ் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினார். டாக்டர் ஐவி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். புதிதாக வேலைக்கு வந்த பெண். சிலாஸுக்கு அவளையும் நம்பிக்கையில்லை.

“பொம்பளப்புள்ளையா? மாடு ஒரு இழு இழுத்தா மௌலாலி வரைக்கும் போயிருவியே!”

“மாடு என்னை இழுக்கட்டும் அங்கிள். நீங்க கன்னுக்குட்டி தலையைப் பிடிங்க.”

ஊசி போட்டாள். மறுநாளும் வந்து போட்டாள். ரோஸி எழவில்லை. ஐவி முகம் சுருங்கியது.

“இதே மருந்து போயின்பள்ளில கேக்குது, அல்வால்ல கேக்குது. உங்க பக்கம் மட்டும் கேக்க மாட்டேங்குது. முன்னாடி வேற மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களா ஆன்ட்டி?”

“மருந்தா? சத்தியமா இல்ல. பாலும் சாமி துன்னூறும்தான்.”

“சாம்பல்தானே. அதுல என்ன இருக்கப்போவுது” என்று ஐவியும் விட்டுவிட்டாள். படித்தவர்களும் ஒரு இடத்தில் கண்ணை மூடுவார்கள். “இனிமே ஊசியை மட்டும் நம்பக்கூடாது. கழிஞ்சு கழிஞ்சு உடம்புல தண்ணி வத்திப்போச்சு. அதுலதான் கன்னு சாவுது. கொதிச்சு ஆறின தண்ணில உப்பு, சக்கரை, கொஞ்சம் சோடா உப்பு. அளவு சொல்றேன். கொஞ்சம் கொஞ்சமா நாள் பூரா குடுத்துட்டே இருக்கணும்.”

கனகமணிக்குப் பொறுக்கவில்லை. “உப்புத்தண்ணி குடுக்கவா தாயி டாக்டருக்குப் படிச்சே?”

“ஹவ் ஆன்ட்டி” என்று அந்த ஊர் உருதுவில் ஆமாம் போட்டாள் ஐவி. “அஞ்சு வருஷம்.”

கனகமணி முணுமுணுத்துக்கொண்டே ரோஸியின் தலையை மடியில் எடுத்து வைத்து, பீர் பாட்டிலில் உப்புத்தண்ணியை ஊற்றிப் புகட்டினாள். ஒழுங்காகச் சர்ச்சுக்குப் போகிற வீட்டில் பீர் பாட்டில் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். வார்ப்புப் பட்டறை மனிதர்.

ரோஸி தொடாத பால் அப்படியே இருந்தது. சாமி திருநீறு விழுந்த பாலைக் கீழே கொட்டலாமா? கொட்டினால் இன்னொரு தோஷம். கனகமணி அதைக் காய்ச்சி ஆறவைத்து, உறை ஊற்றி மூடி வைத்தாள். விடிந்து திறந்தால் தயிர் இல்லை. பால் பாலாகவே நின்றது.

“ஏங்க, வந்து பாருங்க! மகிமையை வந்து பாருங்க!”

பக்கத்து வீட்டு ஜுலைகா சுவரின் மேல் எட்டிப் பார்த்தாள். “ஹவ் கனகமணி! நம்ம வீட்டுலயும் அப்டித்தான். துன்னூறு போட்ட பாலு தயிராவே ஆவாது. பாபா பவர்!”

சிலாஸ் சட்டியைப் பார்த்தார். மோந்து பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

“ஏட்டி, போன வருஷம் மாட்டுக்கு மடிவீக்கம் வந்துச்சே, ஊசி போட்டாங்களே. அந்தப் பாலை என்ன செஞ்ச?”

“உறை ஊத்துனேன்.”

“உறைஞ்சுதா?”

“எப்படி உறையும்? மருந்து ஏத்துன மாட்டுப் பாலு உறையாதுன்னு பச்சப்புள்ளைக்குக் கூடத் தெரியுமே. வாங்குனவ வீடு தேடி வந்து சண்டை போட்டாளே!”

“இப்ப மாட்டுக்கு ஊசி போட்டியா?”

“மாட்டுக்கா? அது கல்லுக்குண்டாட்டம் இருக்கு. ஊசி கன்னுக்குத்தானே.”

“அப்ப இந்தப் பாலு எதுக்கு உறையல?”

“அது துன்னூறு மகி...” என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள்.

சிலாஸ் பொட்டலத்தை எடுத்துத் திருநீற்றை நாக்கு நுனியில் வைத்தார். கசந்தது. எந்த ஊர்ச் சாம்பல் கசக்கும்? பொட்டலத்தோடு மாட்டாஸ்பத்திரிக்குப் போனார்.

ஐவி முதலில் சிரித்தாள். பிறகு பொட்டலத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு சிரிக்கவில்லை.

“அங்கிள், இது மஞ்சத்தூள் நிறம் இல்லை. கழிச்சலுக்குக் குடுக்கிற காப்ஸ்யூல் மருந்து மாதிரி இருக்கு. அதைச் சாம்பல்ல கலந்து, நல்லா இருக்கிற கன்னுக்கும் தினம் ரெண்டு வேளை... அடப்பாவி! அதான் என் ஊசி கேக்கலை!”

“மருந்துதானே குடுத்திருக்கான்? மருந்துக்கு மேல மருந்து போனா ரெட்டிப்பாத்தானே கேக்கணும்?”

“சிட்டிகை சிட்டிகையாக் குடுத்தா சீக்காளிக் கிருமி சாவும். முரட்டுக் கிருமி தப்பிச்சிரும். தப்பிச்ச முரடு குட்டி போடும். அந்தக் குட்டியும் முரடு. கொஞ்ச நாள்ல வயிறு பூரா முரட்டுக் கூட்டம்தான். அப்புறம் அதே மருந்தை முழுசா ஏத்தினாலும் திரும்பிக்கூடப் பாக்காது.”

சிலாஸுக்கு இது புரிந்தது. “எங்க பட்டறை கணக்கா. புதுசா வந்தவன்ல பாதிப் பேரு உலைச் சூட்டுக்கு ஓடிருவான். ஓடாம நின்னவன் அந்த உலைலயே டீ போட்டுக் குடிப்பான்.”

“அதேதான். லேபுக்கு அனுப்பிப் பாக்கலாம். ஆனா பதில் வர ஒரு மாசம் ஆகும்.”

“லேபு எதுக்கு? எங்க ஆளுகளுக்குக் காகிதம் காட்டுனா நம்ப மாட்டான். சட்டி காட்டுனா நம்புவான். உங்க காப்ஸ்யூல்ல ஒண்ணு குடுங்க.”

வெள்ளிக்கிழமை காலை. கனகமணி ரோஸியின் தலையை மடியில் வைத்தபடி வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். சிலாஸ் முதல் தடவையாகச் சாமி தரிசனத்துக்குப் போனார், கையில் மூன்று மண்சட்டிகளோடு. ஐவி கூட்டத்தின் பின்னால் நின்றாள்.

“சாமி, உங்க துன்னூறு விழுந்த பாலு உறையாதுன்னு ஊரே சொல்லுது. நான் நம்பாத ஜென்மம். என் கண்ணு முன்னால காட்டுங்க. இன்னிக்கே உங்க பக்தன் ஆயிருதேன்.”

சாமிக்கு முகம் மலர்ந்தது. தூண்டிலைப் புழுவோடு சேர்த்து விழுங்குகிற மீனுக்கும் அப்படித்தான் மலரும்.

“சோதிக்கட்டும்! தெய்வம் சோதனைக்கு அஞ்சாது!”

நாகம்மாவின் எருமைப் பால். கூட்டத்தின் முன்னாலேயே காய்ச்சினார்கள், விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆற்றினார்கள், மூன்று சட்டியிலும் ஊற்றினார்கள். ஒன்றில் அடுப்புச் சாம்பல் ஒரு சிட்டிகை. இன்னொன்றில் சாமியே தன் கையால் திருநீறு போட்டார். மூன்றாவதில் சிலாஸ் துண்டால் கையை மறைத்துக்கொண்டு ஏதோ போட்டார். போட்டது ஐவி கொடுத்த காப்ஸ்யூலின் உள்ளே இருந்த பொடி. மூன்றுக்கும் ஒரே மோரில் உறை.

“அது என்ன மூணாவது?” என்றார் சாமி.

“வேற ஒருத்தரோட துன்னூறு சாமி. உங்க சக்தி பெருசா, அவரு சக்தி பெருசான்னு பாக்கத்தான்.”

கூட்டம் சிரித்தது. சாமியும் சிரித்தார். காவலுக்கு நாகம்மா கோணிச் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். அவளைத் தாண்டி ஈ கூடச் சட்டிப் பக்கம் போகமுடியாது.

அன்று யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சாயங்காலம் சட்டிகளைத் திறந்தார்கள்.

அடுப்புச் சாம்பல் சட்டியைச் சாய்த்தார் சிலாஸ். கெட்டித் தயிர். ஆடவில்லை.

சாமி திருநீறு போட்ட சட்டியைச் சாய்த்தார். பால் ஓடிவந்தது. “ஜெய்!” தகரக் கூரை அதிர்ந்தது. சாமி இரண்டு கையையும் தூக்கினார்.

மூன்றாவது சட்டியைச் சாய்த்தார். அதுவும் பாலாகவே ஓடிவந்தது.

‘ஜெய்’ பாதித் தொண்டையில் நின்றது. தூக்கிய கையை என்ன செய்வது என்று சாமிக்குத் தெரியவில்லை.

ஜுலைகாதான் முதலில் கேட்டாள். “யாரு பாயி அந்த பாபா? இவரு மாதிரியே பவர் இருக்கே! எங்கே இருக்காரு?” நாலைந்து பேர் கன்றின் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பவே தயாராகிவிட்டார்கள். அட்ரஸ் கிடைத்தால் போதும்.

“தெருமுனைல இருக்காரு. மெடிக்கல் ஷாப்புல, கண்ணாடி அலமாரிக்குள்ள” என்று சொல்லி, சிலாஸ் மடியிலிருந்து காப்ஸ்யூலின் வெறும் கூட்டை எடுத்துக் காட்டினார். “நாகம்மா, நீ சொல்லு. மருந்து ஏத்துன மாட்டுப் பாலு உறையுமா?”

“உறையாது” என்றாள் நாகம்மா. சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. எழுந்து நின்றாள். “உறையாது! எனக்குத் தெரியும்! இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும்! தெரிஞ்சுட்டே ஜெய் போட்டேனே, தூ!”

சாமி சளைத்தவரா? “குழந்தைகளே! தெய்வம் மருந்து ரூபத்தில் வரக்கூடாதா?”

பாதிப்பேர் தலையாட்டினார்கள். ஆட்டிப் பழகிய தலை, சட்டென்று நிற்குமா?

பின்னாலிருந்து ஐவியின் குரல் வந்தது. “வரலாம் சாமி. ஆனா மருந்தா வர்ற தெய்வத்துக்கு அளவு தெரிஞ்சிருக்கணும். நோவு இல்லாத கன்னுக்கெல்லாம் தினம் சிட்டிகை போட்டுப் போட்டுக் கிருமிக்குப் பழக்கி விட்டுட்டீங்க. இப்ப நிஜமா நோவு வந்தா என் ஊசியும் கேக்கலை. நாகம்மா கன்னு போன ஜென்மப் பாவத்துல சாகலை. இந்த ஜென்மத்துச் சிட்டிகைல செத்துச்சு.”

நாகம்மா அதற்குள் கொட்டகையின் உள்ளறைக்குள் புகுந்துவிட்டாள். உள்ளே எதுவோ உருண்டது. வெளியே வந்தபோது ஒரு சாக்கைத் தரதரவென்று இழுத்து வந்தாள். கவிழ்த்தாள். சிவப்பும் மஞ்சளுமாக வெறும் காப்ஸ்யூல் கூடுகள், மலை மாதிரி.

“நா மூக்குத்தி எக்கட ரா? எங்கேடா என் மூக்குத்தி?” என்று அவள் கேட்ட கேள்விக்கு நாலு பாஷையிலும் பதில் தேவைப்பட்டது. சாமி பாஷையை நம்பவில்லை, காலை நம்பினார். ஓடுகிற பஸ்ஸில் தொற்றினார். கண்டக்டர் இடம் விடவில்லை. உள்ளே கன்றுகள் உட்கார்ந்திருந்தன. சாமி கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனார். மருந்து மொத்தக் கடை ஒன்றின் குடோனில் காலாவதிச் சரக்கைத் திருடி மாட்டிக்கொண்ட ஆள் அவர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஊரில் கூப்பிட்ட பெயர் சக்ரபாணி.

சிலாஸ் வீட்டுக்குத் திரும்பும்போது வாசலிலேயே கால் தயங்கியது. மண்வெட்டி சுவரோரம்தான் இருந்தது. உள்ளே சத்தம் இல்லை. கதவைத் தள்ளினார். யாரோ வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தார்கள். குனிந்து பார்த்தால் ரோஸி, நாலு காலும் நடுங்க நின்றுகொண்டு, வேட்டியைச் சப்பிக்கொண்டிருந்தது.

“எந்திரிச்சிட்டா” என்றாள் கனகமணி. அழுத முகம். “உப்புத்தண்ணிலயே எந்திரிச்சிட்டாங்க. அந்தப் பொண்ணு அஞ்சு வருஷம் படிச்சது வீண் போவல.”

இதோடு கதையை முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும் என்று முன்னமே சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் சோடா உப்பு வாங்கச் சிலாஸ் தெருமுனைக்குப் போனார். மெடிக்கல் ஷாப் வாசலில் வரிசை. எல்லாம் நேற்று மல்லாபூரில் பார்த்த முகங்கள். நடுவில் ஜுலைகா.

“என்ன வாங்க நிக்கே?”

“அந்தச் சிவப்பு மஞ்ச மாத்திரைதான் பாயி! சாமிக்கு நெய் எதுக்குக் குடுக்கணும்? நேராவே வாங்கிக் கன்னுக்குத் தினம் ஒண்ணு போட்டா நோவே வராதுல்ல?”

சிலாஸ் தலையில் அடித்துக்கொண்டார். தன் தலையில்தான், அடுத்தவர் தலையில் அடிக்கச் சட்டம் இடம் தரவில்லை.

“சாமியைத் துரத்திட்டிய. வரிசையைத் துரத்தலியே! நோவு வந்தா டாக்டரம்மாட்ட ஓட்டிட்டுப் போங்க. அவ சொன்ன மருந்தை அவ சொன்ன அளவுல குடுங்க. நோவு இல்லாததுக்கு எதுக்கு மருந்து? உப்பு உங்க வீட்டுல இருக்கு, சக்கரை வீட்டுல இருக்கு. மூளையையும் வீட்டுல வச்சிட்டுத்தான் வந்திருக்கிய. போங்க, போய் மூணையும் எடுங்க!”

சிலர் போனார்கள். சிலர் தயங்கினார்கள். ஒருவர் பக்தியோடு கிட்டே வந்து, மடித்த காகிதத்தை நீட்டினார். உள்ளே உப்பு.

“ஐயா, உங்க கையால தொட்டுக் குடுத்தீங்கன்னா இன்னும் நல்லாக் கேக்கும்.”

கிருமிக்கு மூளை கிடையாது என்கிறார்கள். அடி வாங்கினால் அது பாடம் கற்றுக்கொள்கிறது. நமக்கு மூளை இருக்கிறது என்கிறார்கள்.